தகப்பன் பிறந்த இடம்

1

பெப்ரவரி நான்கு கிட்ட வந்தால் உங்கள் பத்திரிகை ஆசிரியருக்கு என் ஞாபகம் வந்துவிடும். இந்த முறையும் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி எடுத்தார். "அக்கா, போன வருசம் சுதந்திர தினத்துக்கு எழுதினீங்களே, அதுமாதிரிக் காரமா ஒண்டு தாங்கோ. சனம் விழுந்து விழுந்து வாசிச்சது" என்றார்.

போன வருடம் எழுதியது இலங்கையின் முதல் பிரதமரைப் பற்றி. சுதந்திரம் கிடைத்த சூட்டோடு சூடாக அவர் பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டுவந்த கதை. மலையகத்தில் தேயிலை பறித்த தமிழர்களைப் பார்த்து, "உன் தகப்பன் இந்த நாட்டில் பிறந்தவனா, காட்டு" என்று அந்தச் சட்டம் கேட்டது. காட்ட முடியாத லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். நான் அந்த மனிதரை நார் நாராகக் கிழித்திருந்தேன். பாரிஸில் இருந்துகொண்டு, எப்போதோ செத்துப்போன ஒருவரைக் கிழிப்பதற்குப் பெரிய துணிச்சல் ஒன்றும் தேவையில்லை. ஆனாலும் பாராட்டு குவிந்தது. இங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது ஒருவர் மறித்துக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

இந்த வருடம் என்னிடம் காரம் இல்லை. என் ஒரே மகன் நிரோஜன் என்னோடு பேசி எட்டு மாதம் ஆகிறது. அவன் என்னிடம் திரும்பி வருவானா மாட்டானா என்பதைத் தவிர வேறு எந்த அரசியலும் இப்போது என் மண்டைக்குள் ஏறுவதில்லை. ஆனால் அவன் போனதற்கும் அந்த முதல் பிரதமருக்கும் சம்பந்தம் இருக்கிறது. அதை எழுதுகிறேன். ஆசிரியருக்குப் பிடித்தால் போடட்டும்.

2

நான் இருபத்தேழு வருடமாகப் பாரிஸ் புறநகரான ஆர்ஜொந்தெயில் ஒரே வீட்டில் இருக்கிறேன். ஐந்தாம் மாடி. நிரோஜனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது என் கணவர் காலமாகிவிட்டார். காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை செய்து மகனை வளர்த்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது கிழமையில் மூன்று பின்னேரம் ரயில் பிடித்து லாச்சப்பலுக்கு வருவேன். அங்கே தொலைபேசிக் கடை ஒன்றின் பின்னறையில் எனக்கு ஒரு மேசை, ஒரு கணினி. விசா, விவாகரத்து, வீட்டுக்கு விண்ணப்பம், எந்தப் பப்பியே, அதாவது பத்திரம், என்றாலும் நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். பிரெஞ்சில் கடிதம் வந்தாலே எங்கள் சனத்துக்குப் பயம். என்னிடம் ஓடிவருவார்கள்.

இதைச் சேவை என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தக் கதிரை பிடிக்கும். அதில் இருந்தால் பாரிஸில் உள்ள பாதித் தமிழ்க் குடும்பங்களின் உள்வீட்டுக் கதை என் கைக்குள் இருக்கும். அதிகம் படித்தவர்களும் என் முன்னால் பவ்வியமாகத்தான் இருப்பார்கள்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரியும். புதிதாக ஒருவரைக் கண்டால் முதல் கேள்வி, "எந்த ஊர்?" ஊரைச் சொன்னால், "ஊரிலை எவடம்?" இடத்தைச் சொன்னால், "எந்தக் கோயிலடி?" மூன்றாவது பதிலோடு ஆளின் சாதி சனம் எல்லாம் பிடிபட்டுவிடும். பிரெஞ்சுக்காரன் பத்து விரல் ரேகையும் எடுத்துக் கண்டுபிடிக்காததை நாங்கள் மூன்று கேள்வியில் கண்டுபிடித்துவிடுவோம். எனக்கு இரண்டே போதும்.

செல்வராசாவிடம் மட்டும் அது இருபது வருடமாகப் பலிக்கவில்லை. லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் செய்தவர் அவர். லெ பிளாங்-மெனில் என்ற புறநகரில் வீடு. மனைவி இல்லை, ஒரே மகள். "கிளிநொச்சி" என்பார். எவடம் என்றால் "டவுனுக்குக் கிட்ட" என்பார். அதற்குமேல் கேட்டால், "அக்கா, அடுப்பிலை கறி இருக்கு" என்று உள்ளே போய்விடுவார். எல்லாரும் அவரைக் கிளிநொச்சிச் செல்வராசா என்றே சொல்வார்கள்.

போன வருடம் என் கட்டுரை வந்து இரண்டு கிழமை கழித்து அவர் என் பின்னறைக்கு வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை.

"அக்கா, நசியோனலித்தேக்குப் போடவேணும்." பிரெஞ்சுக் குடியுரிமையைச் சொன்னார்.

"இவ்வளவு காலமும் நித்திரையோ? மகள் பிரெஞ்சுக்காரி ஆகி எத்தினை வருசம்?"

அவர் சிரிக்கவில்லை. எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார்.

"நீங்கள் பேப்பரிலை எழுதினதை வாசிச்சனான் அக்கா. ரெண்டு தரம் வாசிச்சனான். அதாலதான் உங்களிட்டை வந்தனான். வேற ஆரிட்டையும் இதைக் காட்டேலாது."

பைக்குள் ஒரு கடதாசி இருந்தது. மடித்து மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, அவருடைய தகப்பனின் பெயருக்கு மலையகத்தில் ஹற்றனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பிய அரசாங்கக் கடிதம். தகப்பன் பிறந்த இடத்தைக் காட்ட முடியாதவர்கள் நாட்டில் தொடர்ந்து வசித்ததைக் காட்டிப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று பிறகு ஒரு சட்டம் வந்தது. அவருடைய அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, அவர் நாட்டில் தொடர்ந்து வசித்தது நிரூபிக்கப்படவில்லை என்று இரண்டு வரி.

"அப்பா தன்ரை தாயின்ரை செத்தவீட்டுக்கு இந்தியாவுக்குப் போனவராம். காய்ச்சல் வந்து அங்கை கிடந்திட்டார். திரும்பி வந்தா, நீ இந்த நாட்டு ஆள் இல்லை எண்டிட்டாங்கள். நானும் தோட்டத்திலைதான் பிறந்தது. எழுபத்தேழுக் கலவரத்திலை நாங்கள் இருந்த லயத்து வீடுகளைக் கொளுத்தினாப் பிறகு கிளிநொச்சிக்கு வந்தம். எனக்கு அப்ப எட்டு வயசு. நான் பொய் சொல்லேல்லை அக்கா. கிளிநொச்சிதான் என்ரை ஊர்."

"சரி சரி" என்றேன். கணினியைத் திறந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்தேன். தகப்பனின் பெயர். தகப்பன் பிறந்த திகதி. தகப்பன் பிறந்த இடம்.

"அது அப்பாவுக்கே தெரியாது அக்கா. இந்தியாவிலையோ தோட்டத்திலையோ தெரியாது. கேட்டா, 'லயத்திலை' எண்டுவார்."

கட்டத்தை வெறுமையாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. நான் 'அங்கொன்யு' என்று அடித்தேன். தெரியாது என்பதற்குப் பிரெஞ்சுச் சொல். கணினி அடுத்த பக்கத்துக்குப் போனது.

செல்வராசா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ்வளவுதானோ அக்கா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கோ அந்த மனிசனை அவ்வளவு அலைய விட்டவங்கள்?" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தார். அடுத்த நாள் எனக்கு ஒரு பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸ் கொண்டுவந்து தந்தார். நான் வாங்கிச் சாப்பிட்டேன்.

3

செல்வராசா அன்று போனபின் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். அந்தக் கடிதத்தைக் கணினியில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பெரிதாக்கி, மூலையில் அதைத் தயாரித்த எழுதுவினைஞரின் முதலெழுத்துகளைத் தேடினேன். என் அப்பாவுடையதல்ல. அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

என் அப்பா கொழும்பில் அந்தக் கடிதத்தை அனுப்பிய கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். மலைநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வந்த பிரஜாவுரிமை விண்ணப்பங்களைப் பிரித்து, குறை கண்டுபிடித்து, மேலே அனுப்புவதுதான் வேலை. ரேஷன் அட்டையில் ஒரு வருடம் விடுபட்டிருக்கிறதா, தோட்டத்துப் பேரேட்டில் ஆள் இல்லாத மாதம் உண்டா என்று தேடுவார்களாம். குறை கண்டுபிடிக்கிற கெட்டிக்காரனுக்குத்தான் பதவி உயர்வு. அப்பா கெட்டிக்காரன். சோறு குழைத்துக்கொண்டே இதையெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

எங்கள் வீட்டு விறாந்தையில் முதல் பிரதமரின் படம் தொங்கியது. பெரிய மீசை. அப்பாவுக்கு அவர்மேல் அப்படியொரு மரியாதை. "ஆள் பெருசாப் படிச்சவர் இல்லை, ஆனா ஆளத் தெரிஞ்சவர்" என்பார். அது சரிதான். அந்த மனிதருக்கு ஆளத் தெரிந்திருந்தது. முதல் தேர்தலில் தோட்டத் தமிழர்கள் தங்கள் ஆட்கள் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மற்றத் தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு வாக்குப் போட்டார்கள். அடுத்த தேர்தலுக்கு முன் அந்த வாக்கை இல்லாமல் செய்யவேண்டும். அதற்கு அவர் துவக்குத் தூக்கவில்லை. ஒரு படிவம் அச்சடித்தார். அந்தச் சட்டத்தில் எங்கேயும் தமிழன் என்ற சொல் இல்லை என்று போன வருடம் நானே எழுதினேன். அது ஒருவரையும் போ என்று சொல்லவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டது.

அதே கேள்வியை யாழ்ப்பாணத்தானிடமோ சிங்களவனிடமோ கேட்டிருந்தால் பாதிப் பேர் விழித்திருப்பார்கள். என் பாட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்ததில்லை. அவரை ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் பெரிய தலைவர்களில் ஒருவர் முதல் சட்டம் வந்தபோது எதிர்த்து முழங்கினார். கொஞ்ச நாளில் அதே பிரதமரின் மந்திரிசபையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, தோட்டத்துச் சனத்தின் வாக்கும் போனது. அந்தப் பிரதமருடைய மந்திரிசபையில் சொந்தக்காரர் பலர் என்று அந்த நாளில் அவர் கட்சியை மாமன் மருமகன் கட்சி என்று பகிடி பண்ணுவார்களாம். குளங்களைத் திருத்தி, காடு வெட்டி, கிழக்கில் சிங்களக் குடியேற்றங்களை வைத்ததும் அவர்தான். குதிரையிலிருந்து விழுந்து செத்தபோது அவருடைய மகனே பிரதமர் ஆனார். புது வீட்டில் முதல் அடுப்பு வைத்த இடத்திலேயே பிறகு வந்தவர்களும் சமைத்தார்கள். யார் உள்ளே, யார் வெளியே என்று ஒரு தரம் பிரித்துப் பழகிய அரசாங்கம், எங்கள் முறை வந்தபோது எங்களையும் பிரித்தது.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அடுத்ததைச் செய்தேன்.

4

மே மாதக் கடைசியில் நிரோஜன் வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னான். அவன் விமான நிலையத்தில் பொதிகள் பிரிவில் வேலை. ஒரு பிள்ளையை நாலு வருடமாக விரும்புகிறானாம். அபிநயா, தாதி. தமிழ்ப் பிள்ளைதான் என்றான். எனக்குக் கோயிலில் வைத்த நேர்த்தி பலித்ததுபோல் இருந்தது, யாரோ வெள்ளைக்காரியைக் கொண்டுவரப்போகிறான் என்று வருடக்கணக்காகப் பயந்திருந்தேன்.

"ஆற்றை மகள்?"

"உங்களுக்குத் தெரியும்தானே, செல்வராசா அங்கிள்."

அந்தக் கிழிந்த கடதாசிதான் முதலில் கண்ணில் வந்தது. "அது சரிவராது" என்றேன்.

"ஏன்?"

"அவை வேற ஆக்கள்."

சொன்னபின்தான் அது அப்பாவின் வாக்கியம் என்று தெரிந்தது. தொனிகூட அவருடையதுதான்.

"வேற எண்டா?" நிரோஜனுக்கு விளங்கவில்லை. "அவையும் தமிழ். எங்களைவிட நல்லாத் தமிழ் கதைக்கினம். பிறகென்ன வேற?"

இதைப் பிரெஞ்சில் சொல்ல எனக்குச் சொல் வரவில்லை. தமிழில் சொன்னால் அவனுக்குப் புரியாது. புரிந்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பான். அன்றுமுதல் ஒரு கிழமை நான் சரியாகச் சாப்பிடவில்லை. என் சனம் என்ன சொல்லும், நாளை பேரப்பிள்ளையை எந்த ஊர் என்று கேட்டால் நான் என்ன சொல்வது என்று அதே யோசனை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதுதான் யோசித்தேன்.

பிறகு ஒரு வழி தெரிந்தது. மகனிடம், "சரி, வரச் சொல்லு, முறையாப் பேசுவம்" என்றேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினான். நான் உடனே கூசேன்விலில் இருக்கிற மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன். மச்சாள் என் கணவரின் அக்கா. அவவின் காதில் ஒரு விஷயம் போட்டால் அடுத்த நாள் லாச்சப்பல் முழுக்கத் தெரியும். அதற்காகத்தான் அவவைக் கூப்பிட்டேன்.

5

யூன் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்று. செல்வராசா கோட் போட்டு, தட்டத்தில் பழமும் வெற்றிலையும் வைத்து, மகளோடு வந்தார். அபிநயா என்னைக் கண்டதும் குனிந்து காலைத் தொட்டாள். நல்ல களையான பிள்ளை. தேத்தண்ணியை அவளே வாங்கி எல்லாருக்கும் கொடுத்தாள். செல்வராசா மகிழ்ச்சியில் இருப்புக் கொள்ளாமல் இருந்தார். "அக்கா, நீங்கள் எங்களுக்குச் சம்பந்தியா வருவீங்கள் எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை" என்றார்.

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"தம்பி செல்வராசா, கல்யாணப் பேச்சுக்கால் எண்டா எல்லாம் கேக்கத்தானே வேணும். உங்கட அப்பா எங்கை பிறந்தவர்?"

அவ்வளவுதான் கேட்டேன். குரல்கூட உயரவில்லை. அவருடைய இரகசியத்தை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, சத்தியம் வைத்துச் சொல்லலாம். ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்.

மச்சாள் முன்னுக்கு வந்து இருந்தா. அபிநயா தகப்பனைப் பார்த்தாள். அவர் "கிளிநொச்சி" என்று சொல்லித் தப்பியிருக்கலாம். இருபது வருடம் அப்படித்தான் தப்பினார். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன், அடுத்து "எவடம்?" என்று கேட்கத் தயாராக இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கட்டத்தை நீங்கள்தானே அக்கா நிரப்பினீங்கள்" என்றார்.

நிரோஜன் நிமிர்ந்தான். "எந்தக் கட்டம்? அம்மா, எந்தக் கட்டம்?"

செல்வராசாவே சொன்னார். தோட்டம், லயம், கடிதம், கதவைச் சாத்திவிட்டு என்னிடம் காட்டியது, எல்லாம் ஒழுங்காக, ஒன்றும் விடாமல். மச்சாள் இடையில் "ஐயோ, தோட்டக்காட்டாரோ!" என்று வாய்விட்டுச் சொன்னா. அபிநயா அழவில்லை. தட்டத்திலிருந்த பழங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் திருப்பிப் போட்டாள். வெற்றிலையையும் எடுத்தாள்.

"உங்கட கட்டுரையை அப்பா வெட்டி வச்சிருக்கிறார் அன்ரி" என்றாள் போகும்போது. "வீட்டை போய் எடுத்து எறியச் சொல்லுறன்."

நிரோஜன் அன்று பின்னேரமே இரண்டு பையோடு இறங்கினான். நான் படிவரை போய்க் கையைப் பிடித்தேன். "உனக்காகத்தான்ரா கேட்டனான்" என்றேன். "மமோன், அரெத்" என்றான். போதும் அம்மா, நிறுத்துங்கோ என்று பொருள். சின்ன வயதில் தலைக்கு எண்ணெய் வைக்கும்போதும் அதையேதான் சொல்வான். அதுதான் அவன் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை.

மச்சாள் தன் வேலையைச் சரியாகச் செய்தா. ஒரு கிழமைக்குள் கிளிநொச்சிச் செல்வராசா, தோட்டக்காட்டுச் செல்வராசா ஆனார். அவர் வேலை செய்த கடையில் யாரோ, "அண்ணை, தேத்தண்ணியை நீங்களே போடுங்கோ, உங்கட சாமான்தானே" என்று கேட்டு எல்லாரும் சிரித்தார்களாம். அவர் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு லாச்சப்பல் பக்கம் வரவில்லை. என் பின்னறைக்கு வந்த ஒருவர்தான் இதைச் சொல்லிச் சிரித்தார். நான் அவருடைய படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, வேறு யாரிடமாவது போகச் சொன்னேன். அது ஒரு பெரிய நீதியும் இல்லை.

6

தொலைபேசி எடுத்தால் நிரோஜன் கட் பண்ணுவான். எழுதினால் பதில் இல்லை. அவன் லெ பிளாங்-மெனிலில் அபிநயாவோடு இருக்கிறான் என்று மட்டும் தெரியும். ஆனால் நான் பப்பியே தெரிந்தவள். இந்த நாட்டில் யார் கல்யாணம் செய்வதானாலும் பத்து நாளைக்கு முன் மெரியில், அதாவது நகரசபையில், அறிவித்தல் ஒட்டவேண்டும். ஆகவே நவம்பரிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ரயில் ஏறி அந்த நகரசபை வாசலுக்குப் போய்க் கண்ணாடிப் பலகையை வாசித்தேன். மழையிலும் வாசித்தேன். ஜனவரியில் ஒருநாள் என் மகனின் பெயர் அங்கே இருந்தது. பக்கத்தில் அபிநயாவின் பெயர். என் மகனுக்குக் கல்யாணம் என்று எனக்குச் சொன்னது அந்தப் பலகைதான்.

மெரியில் கல்யாணம் நடக்கும்போது கதவு திறந்திருக்கவேண்டும் என்பதும் சட்டம். யாரும் போகலாம். நானும் போனேன். காஞ்சிபுரம் சேலை கட்டி, மேலே கறுப்புக் கோட்டைப் போட்டு மூடிக்கொண்டு, கடைசி வரிசையில் இருந்தேன். நிரோஜன் முன்னால் நின்றான். கழுத்து மயிரைச் சரியாக வெட்டியிருந்தான். திரும்பவில்லை. செல்வராசா ஒருதரம் திரும்பினார், என்னைக் கண்டார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மறுபடி முன்னால் பார்த்துக்கொண்டார்.

மூவர்ணப் பட்டி போட்ட நகரசபை அம்மா கல்யாணப் பத்திரத்தை வாசித்தா. பத்திரத்தில் பெற்றோரின் பெயரும் தொழிலும் குடியிருக்கும் இடமும் எழுதப்படும். அதற்கான விபரத்தைப் பிள்ளைகளே முன்கூட்டி நிரப்பிக் கொடுக்கவேண்டும். எத்தனை பேருக்கு நானே நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அபிநயாவின் தகப்பன் செல்வராசா, சமையற்காரர், லெ பிளாங்-மெனில். நிரோஜனின் தகப்பன், காலமானவர். நிரோஜனின் தாய், என்று சொல்லி என் பெயரைத் தடக்குப்பட்டுத் தடக்குப்பட்டு வாசித்தா. ஓய்வுபெற்றவர். பிறகு குடியிருக்கும் இடம்.

"அங்கொன்யு" என்றா.

அவன் பள்ளிக்கூடம் போன வீடு. அவனுடைய உயரத்தை வருடாவருடம் பென்சிலால் குறித்த கதவு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்த அம்மா ஒரு விநாடிகூட நிற்காமல் அடுத்த வரிக்குப் போனா. கணினிமாதிரியே போனா.

எல்லாரும் கைதட்டியபோது நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன். வாசலில் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு பிள்ளை லட்டுத் தட்டோடு நின்றாள். என்னை மறித்து நல்ல பண்பாகக் கேட்டாள்.

"அன்ரி, நீங்கள் பொம்பிளை பகுதியோ, மாப்பிளை பகுதியோ?"

நான் அவளுக்கு ஆர்ஜொந்தெய் என்று சொன்னேன். தெருவின் பெயரைச் சொன்னேன். கட்டட இலக்கம், ஐந்தாம் மாடி, லிஃப்டால் இறங்கினால் இடக்கைப் பக்கக் கதவு, இருபத்தேழு வருடமாக அதே கதவு என்று எல்லாம் சொன்னேன்.

பிள்ளை பயந்துபோனாள். ஒரு லட்டை எடுத்துக் கடதாசியில் வைத்து நீட்டினாள்.

"நான் விலாசம் கேக்கேல்லை அன்ரி" என்றாள்.